டிரெய்லர் பிராக்கெட்டுகளைப் பற்றி கபீர் மச்சானுக்கு

என் பிரியத்துக்குரிய கபீர் மச்சான்,

நீ மவுத்தான பிறகு குரோம்பேட்டைப் பட்டறையில் உன் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். உட்காருகிறேன் என்றா சொன்னேன்? ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிலைகொள்வதில்லை. உலைக்குப் போகிறேன், வாசலுக்கு வருகிறேன், மறுபடியும் உலை. வீட்டிலும் அதே கதைதான். "கொஞ்சம் உக்காருங்களேன், பாக்கவே தல சுத்துது" என்கிறாள் உன் தங்கை மும்தாஜ்.

இரும்பைப் படித்தவன் நீ, அதை விற்பவன் நான். சாதா வார்ப்பிரும்புக்குள் கரி செதில் செதிலாக இருக்கும், விரிசல் அதன் வழியே ஓடிவிடும். நம்முடையதில் கரி உருண்டை உருண்டையாக இருப்பதால் விரிசல் எளிதில் ஓடாது. நீ சொன்ன இதைத்தான் இன்றும் கஸ்டமர்களிடம் சொல்கிறேன். வார்த்ததைக் காய்ச்சி, உருகிய உப்பில் இறக்கி ஊறவைத்தால் அடித்துச் செய்த ஸ்டீலுக்கு ஈடான வலு வரும், எடையும் குறையும். கியர் செய்யலாம், மண் தோண்டும் இயந்திரத்துக்குப் பல் செய்யலாம், லாரியின் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பிராக்கெட் செய்யலாம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் உப்பில் ஊறும்போது இரும்பு மயிரிழை அளவு வளரும் என்பது? அதற்கு இடம் விட்டுத்தான் முன்கூட்டியே துளை போட வேண்டும் என்பது? அது எனக்குத் தெரியாது. பழைய பிராக்கெட்டுகளுக்கு அந்தக் கணக்கை நீயே பார்த்துக்கொண்டாய். புது டிரெய்லர் பிராக்கெட்டின் ஆர்டர் நீ போன பிறகுதான் வந்தது.

அந்தக் கணக்கு இல்லாமலே துளை போட்டு அனுப்பிய மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. "ரெண்டாவது போல்ட் ஏறவே இல்ல சார். சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க, இல்லன்னா வேற இடம் பாத்துக்கறோம்" என்றார் டிரெய்லர் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். துளையைப் பெரிதாக்கலாம் என்று பார்த்தால், கெட்டிப்பட்ட இரும்பில் டிரில் பிட்தான் ஒடிந்தது.

போர்மேன் தேவராஜ் ஒரு வழி சொன்னான். "கேஸ் டார்ச்ச வச்சி ஓட்டைகிட்ட கொஞ்சம் சூடு காட்டுனா மெத்துனு ஆய்டும் சார். அப்பால டிரில்லு போய்கினே இருக்கும்." ஒன்றைச் செய்தும் காட்டினான். போல்ட் அழகாக ஏறியது. மச்சான், அந்த நிமிடம் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நீ வேலைக்குச் சேர்த்த இன்ஜினியர் ரேவதிதான் குறுக்கே வந்தாள். "அப்படிச் சூடு காட்டினா உப்புல வந்த வலு போயிடும் சார். டார்ச் பட்டது ஒண்ணு, படாதது ஒண்ணு, ரெண்டையும் பிரஸ்ல வச்சு அமுக்கிப் பாத்துடலாமே?"

டார்ச் படாததை முதலில் வைத்தோம். அது மெல்ல வளைந்தது, வளைந்தும் தாங்கியது. டார்ச் பட்டது பாதி பாரத்திலேயே துளையோரம் டப்பென்று உடைந்தது. தேவராஜ் உடைந்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ரோட்ல புட்டுக்கினா, பின்னால டூ வீலர்ல வர்றவன் கதி இன்னா சார்?"

அவனே டார்ச்சின் கேஸ் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டான்.

நான் மேனேஜருக்குப் போன் செய்தேன். சரி செய்ய முடியாது, புதிதாக வார்க்க வேண்டும், நாளாகும் என்றேன். "எப்படியாவது போல்ட் ஏறுற மாதிரி பண்ணி அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார்."

ஆர்டரில் பாதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மீதிப் பாதிக்குக் காத்திருந்தார். ரேவதி முதலில் சிலவற்றை மட்டும் உப்பில் இறக்கி, எவ்வளவு வளர்கிறது என்று அளந்து, அந்த அளவுக்குத் துளைகளை முன்கூட்டியே நெருக்கிப் போடவைத்தாள். இந்த முறை போல்ட்டுகள் கையாலேயே ஏறின.

பிறகாவது நிம்மதி வந்ததா? பல்லாவரம் சிக்னலில் டிரெய்லர் நின்றால் குனிந்து அதன் அடியைப் பார்க்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். "பச்சை விழுந்தாச்சுங்க" என்று மும்தாஜ் முதுகில் தட்டுகிறாள். நீயும் இப்படித்தான் பயந்துகொண்டே இருந்தாயா? எங்களிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

இன்னொரு சேதி. ஐ.டி. கம்பெனிகள் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் நிலத்துக்கு ஏகக் கிராக்கி. பட்டறை இடத்தில் ஃபிளாட் கட்டுவதற்குக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்துவிட்டார். முடியாது என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மும்தாஜும் விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே பட்டறையை என்றைக்கும் நடத்துவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த உலை எரிகிற கடைசி நாள் வரைக்கும், உடையும் என்று எனக்குத் தெரிந்த ஒன்று நம் வாசலைத் தாண்டிப் போகாது. அந்த வாக்கை மட்டும் வைத்துக்கொள்.

உன் தங்கையின் வீட்டுக்காரன்,
உன் மச்சான் யூசுப்