கையெழுத்து மட்டும் என்னோடது

அப்பா, வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

"நீ என் தங்கச்சி மாதிரிம்மா"ன்னு சொல்வாரே என் மேனேஜர், அவர் பேச்சைக் கேட்டு, மாசக் கணக்கு முடிக்கிற விதத்தை கம்ப்யூட்டருக்கு ஒண்ணுவிடாம சொல்லிக்கொடுத்தேன். "உனக்கு வேலை லேசாகும்"னார். இப்ப எல்லாத்தையும் அதுவே முடிக்குது, டீ கூடக் கேக்கறதில்ல. என்கூட இருந்தவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்கிட்ட, படிச்சுப் பார்க்க நேரம் தராம கையெழுத்து மட்டும் கேக்கறாங்க. "தப்பு இருந்தா?"ன்னேன். "கையெழுத்து உன்னோடதுதானே"ன்னு சிரிக்கிறார். நம்பவெச்சுக் கழுத்தறுத்துட்டார்ப்பா. இன்னைக்குத் தலைவலின்னு சொல்லித் தப்பிச்சேன்.

தங்கச்சி அக்கவுண்ட்ஸ் படிக்கலாமான்னு கேட்டீங்களே. படிக்கட்டும், பார்க்காத கணக்குல கையெழுத்துப் போடாம இருந்தா போதும். அவளை ஏதாவது பேசிப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. மதியம் தனியாத்தான் சாப்பிடறேன், அதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுவேன்.

பஸ் வந்துடுச்சு. அம்மாகிட்ட, எனக்கு வேலை லேசாயிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

உங்க மூத்தவ