தூளியில் பட்ட குண்டு

அன்புள்ள பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மணலூர்பேட்டையில் உன் அம்மா வீட்டில் நீயும் கைக்குழந்தையும் சுகம் என்று அறிந்தேன். நம் பொம்மைக் கடையில், "குண்டு தெறிக்கிற துப்பாக்கி சின்னப் புள்ளைக்கு ஆகாதுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அழுகிறாளே என்று நம் மகளுக்கே ஒன்றைக் கொடுத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இன்று அவள் தம்பிக்காகப் புடவையில் தூளி கட்டி, பாரம் தாங்குமா என்று தலையணையைப் போட்டு ஆட்டினேன். பட்டென்று தலையணையில் பிளாஸ்டிக் குண்டு பாய்ந்தது. திரும்பினால், நம் மகள்.

"இன்னாம்மா பண்றே?"

"தம்பி வந்தா அம்மாவுக்கு நான் வேணாம்னு நீதானே சொன்னே அத்தா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். துப்பாக்கியை உடைத்துப் போட்டேன். என் வாயை என்ன செய்வது?

நீ வந்து இறங்கியதும் தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, முதலில் அவளைத் தூக்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் வூட்டுக்காரன்