உங்கப்பாவும் கார் பெல்ட்டும்

குன்னம்,
மார்கழி 27

அன்பு மகன் முத்தமிழுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் இங்கே உயிரோடு நலமாக இருக்கிறோம். உயிரோடு என்பதைச் சும்மா எழுதவில்லை, காரணம் கீழே வருகிறது. நீயும் மருமகள் தேவயானியும் ஜெர்மனிக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் பேசும்போது உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து கதையைத் திருத்துவார். கடிதத்தில் அவர் வாய் வைக்க முடியாது.

நம் காரில் தீபாவளிக்கு முன்பிருந்தே சாவியைத் திருகியதும் கீச்சென்று ஒரு சத்தம், ஏசி போட்டால் இன்னும் கூடும். கார் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற பிள்ளையாயிற்றே என்று உன்னிடம் கேட்டேன். "பழைய வண்டின்னா சத்தம் வரத்தாம்மா செய்யும்" என்றாய். இதைக் கண்டுபிடிக்கத்தான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தாய் போலிருக்கிறது. பிறகு பெரம்பலூர் போனபோது மெக்கானிக் வெள்ளைச்சாமியிடம் நானே வண்டியை நிறுத்தினேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, அதன் முன்னால் சுற்றுகிற ரப்பர் பெல்ட்டைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். "வரிவரியா வெடிச்சிருக்கு பாருங்கம்மா, ஓரத்துல நூலு பிரியுது. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சு. இது அறுந்தா பேட்டரி ஏறாது, ஸ்டீயரிங் கல்லாயிடும், இந்த வண்டில தண்ணி பம்பும் இதுலதான் சுத்துது, இன்ஜின் கொதிச்சிடும். இப்பவே மாத்திடுங்க" என்றார். உங்கப்பா அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அறுந்தா மாத்திக்கலாம்" என்றார். செருப்பு வார் என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பெல்ட்டில் குளிக்கிற சோப்பைத் தேய்த்தார். சத்தம் இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளும் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, சத்தம் வராததைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னார்.

மூன்று வாரம் முன்பு, காலையில், கதிர் ஒடிக்க ஆள் வருமுன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மக்காச்சோளக் கொல்லைக்குப் போனவரைக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. பதறாதே, முழுதும் படி. நான் 108-ஐக் கூப்பிடப் போனேன். "நம்ம வண்டி நிக்கிறப்ப அதெல்லாம் எதுக்கு" என்றார். அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து நானே அரியலூருக்கு ஓட்டினேன். பாதி வழி தாண்டியிருக்கும், முன்னால் பட்டென்று ஒரு சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது, ஸ்டீயரிங்கைத் திருப்பவே முடியவில்லை, சூட்டு முள் மேலே ஏறிக்கொண்டே போனது. ஓரங்கட்டி அணைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது, பல் ஈறில் ரத்தம். "அறுந்துருச்சா" என்று கேட்டார். "ஆமாங்க, இப்ப மாத்திக்கலாம்" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அப்படிச் சொன்னது. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன், அவர் திட்டவில்லை.

ரோட்டின் நடுவில் நின்று கையை ஆட்டினேன். இரண்டு கார்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. மூன்றாவதாக வந்த சுண்ணாம்புக்கல் லாரி நின்றது. டிரைவர் பெயர் செல்லக்கண்ணு, உன் வயதுதான் இருக்கும். "கால ஆட்டாதீங்க சார், நான் தூக்குறேன், நீங்க முன்னாடி ஏறுங்கம்மா" என்று அவரைக் குழந்தை போலத் தூக்கி உள்ளே வைத்து, ஆஸ்பத்திரி வாசல் வரை ஆரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ரத்தம் உறையவில்லை என்றார்கள், மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், மூன்றாம் நாள்தான் டாக்டர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். பழைய அப்பான்னா பாம்பு கடிக்கத்தாம்மா செய்யும் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான். இல்லை, பொய். உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அதனால்தான்.

வெள்ளைச்சாமியே வந்து புது பெல்ட் போட்டுக் கொடுத்தார். உங்கப்பாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, கொஞ்சம் நொண்டுகிறார். டீக்கடையில் உட்கார்ந்து, கீச்சுன்னா விடாதீங்க, திருப்பிப் பாருங்க, வெடிப்பு இருந்தா அன்னைக்கே மாத்துங்க என்று ஊருக்கே பாடம் எடுக்கிறார். பாம்பே சொல்லிக் கொடுத்தது போல.

இன்னொன்று, இதை அவரிடம் கேட்காதே. லாரியில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "புஷ்பா, புஷ்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக நான் அவருக்கு "இந்தா"தான். மூன்றாம் நாள் கண் தெளிந்ததும் என்னைப் பார்த்து, "இந்தா, தண்ணி குடு" என்றார். அப்போதுதான் பிழைத்துக்கொண்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்து தண்ணீர் கொடுத்தேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் வண்டி பெல்ட்டை இந்த வாரமே திருப்பிப் பார், உனக்குத் தெரியாவிட்டால் தேவயானியைப் பார்க்கச் சொல்.

உன் அம்மா,
புஷ்பவல்லி