பின்னால் நடந்து வந்த மச்சானுக்கு

எப்போதும் எனக்கு நாலடி பின்னால் வந்த அன்பு மச்சானுக்கு,

நம் சங்கத்து ஆண்டு மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மாதிரிக்கு ஒரு அஞ்சலியையும் அனுப்பியிருந்தார்கள். அதில் காலமானவர் பண்பாளர், எளிமையானவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர். பெயரை மட்டும் மாற்றினால் போதும். இந்தத் தீவுகளில் இறந்துபோன எல்லோருமே இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களில்தான் அப்படி ஆள் கிடைப்பதில்லை. ஆகவே நான் கடிதமாகவே எழுதுகிறேன். நாலு பேர் எட்டிப் பார்த்துப் படிப்பார்கள். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் போன பிறகு போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வந்திருக்கிறது. பஸ் கண்டக்டர்களுக்கு இன்னும் தகவல் எட்டவில்லை. எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஹாரியட் மலைக்குப் பெயர் மாறிய அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏறுறப்ப மூச்சு வாங்குறது கொறையுமா மாப்ள?" என்று கேட்டீர்கள். குறையவில்லை மச்சான். போன மாதம் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எட்டிப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் மின்சார ஆபீசில் வேலை பார்த்தவர். என் மனைவி லெச்சுமியின் அண்ணன். உங்கள் அப்பா இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து, கப்பலேறி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். உங்கள் மலையேறும் ஆசைக்கு அதைத்தான் நீங்கள் காரணமாகச் சொல்வீர்கள். "நம்ம காலு மலைக்குன்னு செஞ்ச காலு மாப்ள. கொண்டாந்து தீவுல எறக்கி வுட்டுட்டாங்க." அந்தக் கால்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை தோறும் சாத்தமில் ஃபெரி பிடித்து, பாம்பூஃபிளாட்டில் இறங்கி, சங்கத்து ஆட்கள் எங்களையும் ஹாரியட் மலைமேல் இழுத்துக்கொண்டு போனீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை டிக்லிபூர் போய் மூன்று நாள் நடை. முதல் நாள் காலிபூரிலிருந்து கரையோரமாகப் போய் லாமியா பே கடற்கரையில் கூடாரம். மறுநாள் அந்தமானிலேயே உயரமான சாடில் பீக் மலையை ஏறி இறங்குவது. மூன்றாம் நாள் வந்த வழியே திரும்புவது.

இந்த நடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. நான் முன்னால் போவேன். நீங்கள் கடைசியில் வருவீர்கள். முதல் நடையிலேயே நீங்கள்தான் இதை ஏற்பாடு செய்தீர்கள். "நீங்க முன்னால போங்க மாப்ள. உங்களுக்குத்தான் வழி தெரியும்." சாடில் பீக்குக்கு இருப்பது ஒரே வழி. அதிலும் மரத்துக்கு மரம் பெயின்ட் அடித்து அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அந்த மலையில் வழி தெரிந்தவன் என்று பெயர் வாங்குவது அப்படியொன்றும் பெரிய சாதனை இல்லை என்பது எனக்கு ஏனோ இத்தனை வருஷம் தோன்றவே இல்லை.

அடிக்கடி பின்னாலிருந்து உங்கள் குரல் வரும். "மாப்ள, மூச்சு வாங்குது. ஒரு நிமிஷம்." நான் நின்று, இடுப்பில் கைவைத்து, பெருந்தன்மையாக உங்களுக்காகக் காத்திருப்பேன். வீட்டுக்கு வந்து லெச்சுமியிடம், "உங்க அண்ணனுக்கு வயசாகுது" என்பேன். அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். அண்ணனின் வயதைக் கேட்டு வருத்தப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து, மாடிப்படி ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. சாடில் பீக் ஏறியவருக்கு ஒரு மாடி போதுமானதாக இருந்திருக்கிறது. இதை வைத்து ஒரு நல்ல வாக்கியம் எழுதலாம் என்று பல நாள் முயன்றேன். வரவில்லை.

இந்த வருஷம் நடைக்குக் கிளம்பும்போது புஷ்பம் அக்கா தானும் வருவதாகச் சொன்னார். உங்கள் மனைவி. ஒரு முழங்கால் சரியில்லாதவர். இத்தனை வருஷத்தில் உங்கள் ஷூவைக்கூட வீட்டுக்குள் விடாதவர்.

"அக்கா, அங்க ஏறுறது கஷ்டம்" என்றேன்.

"தெரியும். ஒவ்வொரு தடவையும் மேல போனதும் அந்தப் பாறையில நின்னு எனக்குப் போன் போடுவாரு. என்னா தெரியுதுன்னு கேப்பேன். மேகந்தான், ஒண்ணும் தெரியலம்பாரு. ஒரு வருஷமாவது கடல் தெரியுதுன்னு சொன்னதே இல்ல. ஒண்ணும் தெரியாத எடத்துக்கு எதுக்குத் தம்பி ஒரு மனுஷன் வருஷா வருஷம் போறாரு? நான் போயிப் பாக்கணும்."

உச்சிக்குச் சற்றுக் கீழே, சிக்னல் கிடைக்கும் அந்தப் பாறை வரை அவரைக் கொண்டுபோவது என் பொறுப்பாயிற்று. காலிபூர் காட்டிலாகா கேட்டில், கூட்டத்துக்கு லீடர் யார் என்று கேட்டார்கள். நம்மோடு எப்போதும் நடக்க வரும் அப்பாராவ் என்னைக் கைகாட்டினார். "சார்தான். எல்லா போட்டோவுலயும் சார்தான் ஆகே இருக்காரு, தேக்கோ." நான் முன்னால் நிற்கும் படங்களைப் போனில் காட்டினார். மறுக்க முடியாத ஆதாரம். நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.

கூட வந்த கைடு பிமல் தாதா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பன்னிரண்டு மணிக்குள் பாறைக்கு வராவிட்டால் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்ப வேண்டும். "ஊப்பர் மௌசம் கா பரோசா நஹீ" என்றார், மேலே வானிலையை நம்ப முடியாது என்று. வானிலை அறிக்கையிலும் ஆங்காங்கே மழை என்றுதான் போட்டிருந்தது. நாங்கள் போன இடமெல்லாம் ஆங்காங்கேயாகவே இருந்தது.

ஏறத் தொடங்கியபோது வெயில். அரை மணியில் மழை. பிறகு வெயிலும் மழையும் ஒன்றாக. பிறகு எது என்று சொல்ல முடியாத ஒரு வெள்ளை. நான் வழக்கம்போல முன்னால், வேர்களைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வரவில்லை. அதனால் நிற்கவும் இல்லை. ஒரு திருப்பத்தில் மூச்சு முட்டவே நின்று திரும்பினேன். யாரையும் காணோம். என் வேகத்துக்கு ஒருவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அக்கா ஒரு வேரின் மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நம் ஆட்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். அட்டை ஏறாமலிருக்க ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு வைத்திருந்தோம், மழையில் அது கரைந்து போயிருந்தது. அக்கா கச்சால் ரப்பர் தோட்டத்து வழக்கப்படி இரண்டு கால்களிலும் சோப்பைக் காயக்காயத் தேய்த்து வந்திருந்தார். மழை பட்டு நுரைத்து, துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்தவர்போல இருந்தார்.

"அக்கா இங்கயே ருக்கோ" என்றார் அப்பாராவ். "நாங்க மேல போயி போட்டோ எடுத்து கொண்டு வரோம்."

"போட்டோவுலயும் மேகந்தானே இருக்கும்?"

"மேடம், டைம் நஹீ ஹை" என்றார் பிமல் தாதா, கடிகாரத்தைப் பார்த்து.

அக்கா யாரையும் பார்க்காமல், "நான் போயிச் சேர மாட்டேனா தம்பி?" என்று கேட்டார்.

"போயிடலாம் அக்கா. நான் முன்னால போறேன். என் பின்னாலயே வாங்க."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எதுக்கு முன்னால போறீங்க? இந்தத் தடவை நான்ல போகணும்."

"உங்களுக்கு வழி..."

"வழி என்னா வழி. மெதுவா நடக்குற ஆளு முன்னால போகணும். அதான அவரு சட்டம்? மெதுவா நடக்குறவுங்கள பின்னால வுட்டா மத்தவுங்க வுட்டுட்டுப் போயிருவாங்க, முன்னால வுட்டாத்தான் கூட்டம் சிதறாதும்பாரு. இத்தன வருஷம் அதுக்குத்தான உங்கள முன்னால வுட்டாரு?"

மழை சட்டென்று நின்றுவிட்டது. இந்த மலைக்கு மழையை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதே இல்லை. நம் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மரங்களைப் பார்த்தார்கள். அப்பாராவுக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட மரம் மிகவும் பிடித்துப்போய்விட்டது.

"அப்ப அவருக்கு மூச்சு வாங்குச்சுன்னு நிப்பாட்டுனது?" என்றேன்.

"அவருக்கா? நல்ல கதை. உங்க தோள்பட்டை ஏறி ஏறி எறங்குறது பின்னாலருந்து பாத்தாத் தெரியுமாம். ஒக்காருன்னு சொன்னா மாப்ளைக்கு கவுரவம் கொறைஞ்சிரும், அதனால என் மூச்சை வாங்க வுடுறேம்பாரு. லெச்சுமிகூட சிரிக்குமே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது மச்சான். ஊரில் இருக்கிறவர்களின் தலைக்கனத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதி நாலு பேரிடம் பெயர் வாங்கியவன் நான். என் வீட்டுச் சமையலறையில் நடந்தது எனக்குத் தெரியாது. எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டிருப்பீர்கள்? ஒரு தடவையாவது, மேலே போய்ச் சேர்ந்த மகிழ்ச்சியிலாவது, உங்கள் வாயிலிருந்து தவறி வந்திருக்க வேண்டாமா? ஒரு கேலியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க என்னால் ஒரு மாலைகூட முடியாது. நீங்கள் அதைச் சாகும்வரை வைத்திருந்தீர்கள். உங்களைப் போல ஒரு மனிதரை எந்த மாதிரி அஞ்சலிக்குள் நுழைப்பது?

அக்கா எழுந்து முன்னால் போனார். நான் விலகி எல்லோரையும் போகவிட்டுக் கடைசியில் போய் நின்றேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் வழி தெரிவதில்லை. முதுகுகள்தான் தெரிகின்றன. அப்பாராவ் இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறார். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். ஒருவரின் பையில் ஒரு வார் அறுந்து தொங்குகிறது. வரிசையின் தலையில் அக்காவின் தோள்கள், சிவப்பு மழைக்கோட்டுக்குள், ஏறி இறங்குகின்றன. ஏறிய தோள் கீழே வர நேரமாகத் தொடங்கியதும் எனக்கு என்ன செய்ய வேண்டுமென்று புரிந்தது.

"அக்கா, மூச்சு வாங்குது. ஒரு நிமிஷம்!"

அக்கா திரும்பாமலே நின்றார். "அவரு இன்னும் நல்லா நடிப்பாரு தம்பி" என்றார்.

நான் நடிக்கவில்லை மச்சான். உண்மையிலேயே வாங்கியது.

அப்படியே நின்று நின்று போனோம். மழை இன்னும் இரண்டு தடவை வந்து போயிற்று. செங்குத்தான இடத்தில் கயிறு கட்டியிருப்பார்களே, அங்கே அக்கா முழங்காலை ஊன்ற முடியாமல் ஏறி, அரைவாசியில் நின்றுவிட்டார். யாரும் முந்தவில்லை. பிமல் தாதா மேலிருந்து கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தின் மேல் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். அக்கா கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றி, உங்களை ஒரு வார்த்தை திட்டிவிட்டு ஏறினார். அந்த வார்த்தையை ஆண்டு மலரில் போட மாட்டார்கள்.

பாறைக்கு நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஏற்கெனவே அதன் மேல் நின்றிருந்தார். வழக்கம்போல மேகம். முன்னால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. பின்னால் காடு இருக்க வேண்டிய இடத்திலும் அதே வெள்ளை. அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருவர் ஷூவைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். அப்பாராவ் உப்புத் தண்ணீரான பொட்டலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். அக்காவின் விரல் தலைகளை எண்ணிக்கொண்டே ஒவ்வொருவராக நகர்ந்து, கடைசியில் என்மேல் வந்து நின்றது.

போனை எடுத்து என் வீட்டுக்குப் போட்டார். மறுமுனையில் லெச்சுமி.

"மேல வந்துட்டோம். எல்லாரும் வந்துட்டாங்க. மேகந்தான். ஒண்ணும் தெரியல."

லெச்சுமி ஏதோ கேட்டாள்.

"ஒன் வீட்டுக்காரரா?" என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே. "இப்பத்தான் வந்து சேந்தாரு. கடைசியா."

மலைமேல் நின்ற எனக்கு, வீட்டில் இருப்பவள் சிரித்தது கேட்டது. அழுகையும் கலந்த சிரிப்புதான். ஆனாலும் சிரிப்பு.

மச்சான், அடுத்த வருஷமும் கிளம்புகிறோம். அக்கா இப்போதே முழங்காலுக்குப் பட்டை வாங்கிவிட்டார். முன்னால் போக அவரைவிட மெதுவான ஆள் கிடைத்தால் இடத்தை விட்டுக்கொடுப்பாராம். அப்படி ஆள் கிடைக்காது என்றும் அவரே சொல்கிறார். உங்கள் இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மேகம் விலகுகிறதா என்று பார்க்க மாட்டேன். தோள்களைத்தான் பார்த்து வருவேன். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் உங்கள் முறைப்படி என் மூச்சை வாங்க விடுவேன். யாரிடமும் காரணம் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தில் சொல்லிவிட்டீர்களே என்பீர்கள். நம் ஆண்டு மலரை யார் படிக்கிறார்கள் மச்சான்?

இனி எப்போதும் கடைசியாக வரப்போகிற,
உங்கள் தங்கச்சி புருஷன்.