கிருமி தோற்ற தட்டு

குட்டிம்மா,

நலமாக இருக்கிறேன். இரண்டு வேளையும் ஆய்வகக் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவதால் வீட்டில் அடுப்பு வேலை இல்லை.

"அம்மாவைக் கொன்ன கிருமிக்கு வாராவாரம் தீனி போட்டு வளர்க்கிறீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாய். அதற்கான பதில் இது. அம்மாவின் புண்ணிலிருந்து எடுத்த அந்தக் கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கடல் சேற்றில் கிடைக்கும் ஒவ்வொரு பாக்டீரியாவையும் அதனோடு மோதவிட்டுப் பார்க்கிறேன். அதற்கு அந்தக் கிருமி உயிரோடு இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில், கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஆயிரத்து நானூறு. எல்லாவற்றிலும் அதுவே ஜெயித்தது. நேற்று காலை ஒரு தட்டில் மட்டும், கடல் பாக்டீரியாவைச் சுற்றி விரல் அகலத்துக்கு அந்தக் கிருமி முளைக்கவே இல்லை. ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்து, "என்ன சார், உங்க செல்லப்பிள்ளை தோத்துடுச்சு போலிருக்கே!" என்றார். நானும் சிரித்தேன். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினேன்.

கடல் பாக்டீரியா சுரப்பது ஏற்கெனவே தெரிந்த மருந்தாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஆறு மாதம் ஆகும். எதுவானாலும் அம்மாவுக்கு உதவாது.

தட்டு ஞாயிற்றுக்கிழமை வரை கெடாது. வந்து பார்க்கிறாயா? என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

அப்பா