பட்டியலில் நான்காவது பெயர்

14 ஜூலை 2025, திங்கள்

கோயிலுக்கு மெஷின் வந்துவிட்டது. அர்ச்சனைச் சீட்டு இனிமேல் அதில்தான். செயலாளர் சிவநேசன் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, என் ரசீதுப் புத்தகங்களைக் கட்டி ஸ்டோருக்கு அனுப்பினார். பிரிக்பீல்ட்ஸ் கோயில் கவுண்டரில் பதினொரு வருடமாகப் பெயர், நட்சத்திரம், ராசி என்று எழுதி எழுதி விரலில் காய்ப்பே வந்துவிட்டது. இனிமேல் கை வலிக்காது என்று என்னைத் தேற்றினார். கை வலிக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்?

வீட்டில் என் கணவருக்கு ஒரே சந்தோஷம். பரமேஸ்வரன் ரிட்டையர் ஆனதிலிருந்து புதுக் கருவி எது வந்தாலும் கைதட்டுகிறவர். கையில் கட்டியிருக்கிற கடிகாரம் நடந்த அடிகளை எண்ணுகிறது. சோறு போட்டுக் கூப்பிட்டால், இன்னும் நானூறு அடி பாக்கி என்று செந்தூல் ஃபிளாட்டின் கார் பார்க்கையே சுற்றிக்கொண்டிருக்கிறார். ரசம் ஆறிப்போனதை அந்தக் கடிகாரம் சொல்வதில்லை.

15 ஜூலை, செவ்வாய்

ஒருவருக்குப் பதினான்கு சீட்டு வந்துவிட்டது. மெஷினில் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தேன். அமுக்கியது நான்தான்.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வரிசை வாசல் தாண்டி நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், மெஷின் இல்லாவிட்டால் திணறியிருப்பேன். போன் நம்பரைத் தட்டினால் போதும், அந்தக் குடும்பத்துப் பட்டியல் மொத்தமும் திரையில் வந்து நிற்கிறது. வாடிக்கையாக வருகிறவர்களின் பெயர்களை என் பழைய ரசீதுகளைப் பார்த்தே ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிகிறவர்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அது இரண்டு வருடமாகவே இருக்கிறது, ஆபீசில் அச்சாகிக்கொண்டிருந்த அந்தச் சீட்டுகளும் இனி என் மெஷினில்தான். ஒரு பொத்தான், ஒரு சீட்டு. குருக்கள் அதைப் பார்த்துப் படித்துச் சங்கல்பம் செய்கிறார்.

ஒன்று மட்டும் மனசைக் கஷ்டப்படுத்தியது. சின்னையா அண்ணன் வந்தார். மனைவி போய் ஒரு வருடம் கழித்து இன்றுதான் கோயில் படியேறினார். நம்பரைத் தட்டினேன். அவர் பெயருக்குக் கீழே அந்த அக்காவின் பெயரும் வந்தது. இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை. எடுத்தாக வேண்டும். மெஷினுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும். நீக்கு என்று அமுக்கினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நீயே அமுக்கிடும்மா" என்றார். அமுக்கினேன். பின்னால் வரிசையில் யாரோ, சீக்கிரம் லா, என்று முனகினார்கள்.

20 ஜூலை, ஞாயிறு

எழுந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினேழு காலை வணக்கம். ரோஜாப்பூ, முருகன், கண் சிமிட்டும் விளக்கு. முப்பத்தொரு பேர் இருக்கிற குழு. தங்கை தாமரையும் இருக்கிறாள், ஆனால் பேசுவதில்லை.

இதை ஒரு முறையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். போன வருடம் மே மாதம், அதிகாலை மூன்று மணிக்கு அம்மா ஆஸ்பத்திரியில் போனார்கள். மூன்று நாள் தூக்கமில்லாமல் பக்கத்தில் இருந்தது நான். பெரிதாக ஒன்றுமில்லை, லீவு போட்டு வர வேண்டாம் என்று தாமரையிடம் அம்மாவே போனில் சொல்லியிருந்தார்கள். குழுவில் ஒரு வரி எழுதிப் போட்டேன். தகனத்துக்கு மின்சுடலையில் அன்றைக்கே பகல் இரண்டரைக்கு ஒரு நேரம் இருந்தது. விட்டால் மூன்று நாள் ஆகும் என்றார்கள். போனிலேயே பதிந்துவிட்டேன்.

தாமரை என் ஒரே தங்கை. கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். காலை வணக்கங்களின் தொல்லை தாங்காமல் அந்தக் குழுவின் சத்தத்தை அவள் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தாள். அன்று காலை அதைத் திறக்கவே இல்லை. அவள் கணவர் சுகுமாறன் லோரியோடு ஜொகூரில் இருந்தார், குழுவிலும் இல்லை. அவளுக்கு யாராவது போன் செய்து சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். கிள்ளானிலிருந்து வர வேண்டுமே, ரோடு ஜேம்மாக இருக்கும் என்று வீட்டில் யாரோ சொன்னார்கள். மூன்று மணி டீ நேரத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவள் வந்து சேர்ந்தபோது நாங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

அவள் அழவில்லை. "அம்மா போனத எனக்கும் சேத்து முப்பத்தொரு பேருக்கு ஒரே தடவையா சொல்லிட்டியாக்கா" என்றாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதோடு சரி. மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பதினான்கு மாதமாகிறது. நான் தப்பு செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இந்த வருடம்தான் ஆடி வெள்ளிகளில் குருக்களுக்கு மைக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஆன்லைன் சீட்டுகளைக் கிழித்துத் தட்டில் வைத்து அனுப்பிவிட்டுக் கவுண்டரில் இருந்தேன். சீட்டுகளை நான் படிப்பதில்லை, நேரமும் இல்லை. குருக்கள் படித்துக்கொண்டே போனார். திடீரென்று "உஷாராணி, சுவாதி நட்சத்திரம், துலா ராசி" என்று கேட்டது. நான்தான் அது. என் பெயர், என் நட்சத்திரம், என் ராசி.

வேறு உஷாராணியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பூசை முடிந்து தட்டுகள் திரும்பியதும் அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். தாமரை, கேட்டை, விருச்சிகம். சுகுமாறன், பூசம், கடகம். அவர்கள் மகன் குகன், திருவோணம், மகரம். நான்காவதாக நான்.

என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள் என் பெயருக்கு அர்ச்சனை செய்கிறாளா? சீட்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுச் சீட்டை எடுத்துக்கொள்வது தப்புத்தான். அடுத்தவரா அவள்?

2 ஆகஸ்ட், சனி

மெஷினைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து சீதாலெட்சுமி வந்தாள். நல்ல பெண், பொறுமையாகச் சொல்லித் தருவாள். பொதுவாகக் கேட்பதுபோல் ஆன்லைன் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "அது ஆட்டோ ஆன்டி. ஒரு தடவ செட் பண்ணிட்டா மாசம் முதல் வெள்ளி தானா போயிரும். பாதிப் பேருக்கு அது ஓடுறதே ஞாபகம் இருக்காது" என்றாள்.

அவ்வளவுதான். நினைத்துச் செய்ததில்லை. நிறுத்த மறந்தது. வீட்டுக்கு வரும்போது கொம்யூட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

இவரிடம் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, "என் பேர் இல்லையே" என்றார். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பிறகு அவரே, மெஷின் செய்கிறதற்கெல்லாம் நீ ஏன் மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறாய் என்றார். இந்த மனிதரின் கடிகாரம் நடக்கச் சொன்னால் நடக்கிறார், உட்காரச் சொன்னால் உட்காருகிறார். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

கூட்டம் ஓய்ந்து, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கியூஆரில் காசு கட்டப் பையைத் திறந்து போனை எடுத்தபோது சீட்டும் கூடவே வந்தது. எத்தனையாவது முறையோ, மறுபடியும் படித்தேன். தாமரை, சுகுமாறன், குகன், நான்.

அம்மா இல்லை.

ஒரு வாரமாக, இருக்கிற பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இல்லாத பெயரைப் பார்க்கவில்லை. இந்தப் பட்டியலைத் தாமரை போட்டது என் வீட்டில் வைத்து. போன வருடம் ஜனவரியில், பொங்கலுக்கு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அஸ்தமா உத்திரமா என்று அவள் கேட்க, அஸ்தம் என்று நான்தான் சொன்னேன். முதல் பெயர் அம்மாவுடையது, கடைசிப் பெயர் என்னுடையது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மா பெயர் தானாகப் போயிருக்காது. சின்னையா அண்ணன் வீட்டுப் பெயரை நான் எடுத்தேனே, தெரியாதா எனக்கு? உள்ளே போய், பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிச்சயமாகவா என்று கேட்கிறதற்குப் பதில் சொல்லித்தான் எடுக்க முடியும். அப்படியென்றால் அம்மா போன பிறகு தாமரை அந்தப் பட்டியலைத் திறந்திருக்கிறாள். என் பெயரும் அவள் கண் முன்னால்தான் இருந்திருக்கும். எடுக்காமல் விட்டிருக்கிறாள்.

மறக்கல. அவ மறக்கல. கடைக்காரர், காசு வந்துவிட்டது, சரி அக்கா, போகலாம் என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

9 ஆகஸ்ட், சனி

நான்கு முறை அவளுக்கு எழுதினேன். நான்கு முறையும் அழித்தேன். எழுதி அனுப்பித்தானே இவ்வளவும் வந்தது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

கிள்ளானுக்குப் போய்விட்டு வந்தேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வராதே என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கையை வீசிக்கொண்டு போகக் கூடாதென்று ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் திராட்சை வாங்கிக்கொண்டேன்.

சுகுமாறன்தான் கேட்டைத் திறந்தார். "வாங்கண்ணி" என்றவர், உள்ளே பார்த்து உங்க அக்கா என்று சொல்லிவிட்டு, லோரிக்கு எண்ணெய் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். எண்ணெய் பார்க்க ஒரு மணி நேரம் ஆகாது. நல்ல மனிதர்.

தாமரை அடுப்படியில் இருந்தாள். இளைத்திருக்கிறாள். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சீட்டை மேசைமேல் வைத்தேன். கோயில் சீட்டை எடுத்து வந்தது தப்பு, அதையும் சொன்னேன். என் பேரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

இரண்டு வெங்காயத்தை உரித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "எடுக்கத்தான் ஒக்காந்தேன். பதினாறு முடிஞ்ச மறுநாளு. அம்மா பேரை எடுத்துட்டு உன் பேரையும் எடுத்துறணும்னுதான் தொறந்தேன். அம்மா பேரை அமுக்குனேன். அது போயிருச்சி. ஒரே நாள்ல ரெண்டு பேரை எடுக்க முடியலக்கா."

பிறகு ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். எடுக்கலாம் எடுக்கலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பாளாம்.

அப்போது நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடாதது என் தப்பு என்று. பதினான்கு மாதத்தில் அதை வாயால் சொன்னது இதுதான் முதல் முறை. 'ஆனால்' என்கிற ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

அம்மா கடைசியாக என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட. போனவர்கள்மேல் பழி போடுகிற மாதிரி இருக்கும் என்று பயம். ஒரு மணிக்கு மேல் இருக்கும், அம்மா முகத்தில் இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் இறக்கிவிட்டு, தாமரைக்கு எந்த ஷிப்டு என்று கேட்டார்கள். காலை ஷிப்டு என்றேன். "அப்ப எழுப்பாத. தூங்கட்டும்" என்றார்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

"அஞ்சு மணிக்கு நீ எழுந்திருப்ப. அப்பக் கூப்பிட்டிருக்கலாம். எழுதிப் போட்டாச்சேன்னு இருந்துட்டேன்" என்றேன்.

தாமரை கத்தியைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அழாத அழுகையை இன்றைக்கு அழுதாள். நானும்தான். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, எந்தக் கட்டில், யார் யார் வந்து பார்த்தார்கள், கஞ்சி எத்தனை வாய் குடித்தார்கள், குளிப்பாட்டும்போது எந்தச் சேலை கட்டினோம், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தி, அப்புறம், என்றாள். சுகுமாறன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் லோரிக்கே போய்விட்டார்.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். பஸ் வருகிற வரைக்கும் நின்றாள்.

13 ஆகஸ்ட், புதன்

போன் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை. சிவநேசன் எல்லார் முன்னாலும் பாராட்டினார். மெஷினைத்தான் பாராட்டினார்.

7 செப்டம்பர், ஞாயிறு

தாமரை வந்திருந்தாள். மீன் குழம்பில் உப்பு அதிகம் என்றாள். இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். மத்தியானம் அம்மா படுத்த அறையில் போய்ப் படுத்தவள் ஐந்து மணி வரைக்கும் எழவில்லை. நான் எழுப்பவில்லை.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னும் கோவம் இருக்குக்கா" என்றாள். இருக்கட்டும் என்றேன். அடுத்த ஞாயிறு இரால் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினாள்.