செப்டம்பரில் முட்டாள்

கனோரா, சஸ்காட்செவன், கனடா
ஜனவரி 14

தாரஸ்,

உன் தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது, நீ அதை மறைக்கிறாய்.

போனை நீ எடுப்பதில்லை. உன் அறையில் தங்கியிருக்கும் உன் அணிக்காரன், அந்த பிரென்ட்தான் எடுத்தான். "திரை வெளிச்சம் பட்டா கண்ணு எரியுதாம்க்கா, போன் பக்கமே போறதில்ல" என்றான். அதனால்தான் காகிதம்.

சனிக்கிழமை உன் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை நம் ஊர் ஐஸ் அரங்கின் கேன்டீன் டிவியில், உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டே பார்த்தேன். எதிரணியில் ஒருவன் தண்டனைப் பெட்டிக்குப் போனான். பவர் பிளே. இரண்டு நிமிடத்துக்கு அவர்கள் நால்வர், நீங்கள் ஐவர். நீ வழக்கம்போல கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் அவன் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றாய். தூரத்திலிருந்து உன் ஆள் அடித்த ரப்பர் வட்டு உன் ஹெல்மெட்டில் மோதி வலைக்குள் விழுந்தது. கேன்டீனே எழுந்து குதித்தது. "மண்டையாலயே கோல் போட்டுட்டான்டா நம்ம பய!" என்று பெட்ரோ சித்தப்பா மேசையைக் குத்தினார்.

அதற்குப் பிறகு நீ உங்கள் பெஞ்சை விட்டுவிட்டு நேராக எதிரணியின் பெஞ்சுக்குப் போய், கதவைத் திறக்கச் சொன்னாய். வர்ணனையாளன் சிரித்தான். இங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போனேன்.

டாக்டர் பார்த்தாரா இல்லையா? மழுப்பாமல் எழுது. உருளைக்கிழங்கு அடைத்த பெரோகி கொழுக்கட்டை செய்து உறைய வைத்திருக்கிறேன். நீ வந்தால்தான் அடுப்பில் ஏறும்.

லேசியா

*

அணியின் பஸ்ஸில்
ஜனவரி 21

அன்பு ஆந்தை அக்காவுக்கு,

வரிகள் கோணலாகப் போனால் பஸ்ஸைத் திட்டு. பெஞ்ச் விஷயம் ஒன்றுமில்லை. வெளியூர் அரங்கு, குழப்பம் எவனுக்கும் வரும்.

அணியின் டாக்டர் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. சொற்களும் படங்களும் வந்து போகும், நினைவில் வைத்திருந்து சொல்ல வேண்டும். சீசன் தொடங்குமுன், செப்டம்பரில், நல்ல தலையோடு எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் சமமாக இருந்தன. ஆட விட்டுவிட்டார்கள்.

உனக்கு மட்டும் ஒரு ரகசியம். செப்டம்பரில் எவனும் அந்தத் தேர்வை ஒழுங்காக எழுதுவதில்லை. தெரிந்த சொல்லையும் தெரியாது என்று அழுத்துவோம். உடைமாற்றும் அறையில் சொல்வார்கள்: "செப்டம்பர்ல முட்டாளா இருடா, ஜனவரில எவனுக்கும் வித்தியாசம் தெரியாது." சிரி அக்கா.

எனக்கு வேகம் கிடையாது, உனக்கே தெரியும். ஐந்துக்கு ஐந்து ஆடும்போது கோச் என்னை இறக்குவதே இல்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். அடி விழும் இடத்தில் நகராமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். பயிற்சியில் தினமும் என் இடத்தில் நின்று பார்க்கிறான். வட்டைக் கண்டு எனக்குப் பயமில்லை. அவனைக் கண்டால்தான் பயம்.

யாரிடமும் சொல்லாதே.

தாரஸ்

*

கனோரா
ஜனவரி 27

தாரஸ்,

சிரிக்கவா சொல்கிறாய்? காய்ச்சல் வருமுன்பே தெர்மாமீட்டரை உடைத்துப் போட்டுவிட்டு, காய்ச்சலே இல்லை என்கிறாய்.

கிளப்பை ஏமாற்றிவிட்டதாக நினைப்பு. அவர்களுக்கா தெரியாது? உன் தலையைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? அவர்களுக்கு வேண்டியது ஒரு தாள். நீயே அதைத் தயாரித்துக் கையில் கொடுத்துவிட்டாய். நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

இந்த ஊரும் அப்படித்தான். உன் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். உன் மேல் வட்டு படப்பட, கத்துகிறார்கள். அரங்கின் சுவரில் உன் படத்தை மாட்ட இப்போதே ஆணி அடித்தாயிற்று. அதன் கீழ் நின்று வேலை செய்ய முடியவில்லை. மாலை போட அடித்த ஆணி மாதிரி இருக்கிறது.

டாக்டரிடம் நீயே போய் உண்மையைச் சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

லேசியா

*

அறையிலிருந்து
பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கெஞ்சிக் கேட்கிறேன், டாக்டருக்குப் போன் செய்யாதே. ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. அதுவரை நின்றுவிட்டால் புதுப்பிப்பார்கள்.

தலைவலி காலையில் மட்டும்தான். குனிந்தால் சுற்றுவதால் ஸ்கேட்டை பிரென்ட் மாட்டிவிடுகிறான். "கல்யாணப் பொண்ணுக்குச் செருப்பு மாட்டிவிடற மாதிரி இருக்குடா, காலைக் கழுவிட்டு வந்து தொலை" என்கிறான்.

பயப்படாதே. உனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்லட்டுமா? இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செப்டம்பரில் எவனும் அந்தத் தேர்வை ஒழுங்காக எழுதுவதில்லை. தெரிந்த சொல்லையும் தெரியாது என்று அழுத்துவோம். சிரி அக்கா.

யாரிடமும் சொல்லாதே.

தாரஸ்

*

கனோரா
பிப்ரவரி 9

என் தாரஸ்,

உன் இரண்டு கடிதங்களையும் கேன்டீன் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த ரகசியத்தை நீ எனக்கு முன்பே சொல்லிவிட்டாய். அதைப் பற்றித்தான் நான் உன்னைத் திட்டி எழுதினேன். என் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே அதை மறந்திருக்கிறாய்.

டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. "ஆட்டக்காரங்களைப் பத்தி வெளியில பேச முடியாதும்மா. தேர்வுல தேறினவங்களைத்தான் ஆட விடறோம். அவருக்குப் பிரச்சினைன்னா அவர் வாயால சொல்லட்டும்" என்று வைத்துவிட்டார். கோச்சுக்கும் போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஆக, நீதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை பெட்ரோ சித்தப்பாவின் வண்டியில் வருகிறேன். உங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால், கண்ணாடியை ஒட்டி உட்காருவேன். எனக்கு வருகிற பயமெல்லாம் ஒன்றுதான். நீ திரும்பிப் பார்த்து, யாரோ ரசிகை என்று கையசைத்துவிடுவாயோ என்று.

நீ மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. உன் முதல் கடிதத்தின் தொடக்கத்திலேயே இருந்தது, இரண்டாவதில் இல்லை. அதை நான் இங்கே எழுத மாட்டேன். அது உனக்கு நினைவில் இல்லையென்றால் நீ ஐஸில் இறங்கக் கூடாது.

பவர் பிளேக்கு விசில் ஊதியதும் கோச் உன் தோளைத் தட்டுவார். நான் கண்ணாடியைத் தட்டுவேன். எழுந்திருக்காதே. திரும்பி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

லேசியா